இல்லத்து இசையை எவ்வடிவிற் சேமிப்பது?

நவராத்திரி வந்துவிட்டால் நமது ஆரியசாலைக்கு ஒரு தனிச் சிறப்பு வாய்த்துவிடுகிறது. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவி கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தில் எழுந்தருள்வதும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை செந்திட்டைக் கோயிலில் தங்குவதும், வேளிமலைக் குமாரசுவாமி நம் ஆரியசாலைக் கோயிலிலேயே வீற்றிருப்பதும் நேயர்கள் அறிந்தவையே. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நாஞ்சில் நாடு சென்னை இராச்சியத்தோடு இணைந்தது முதல், அம்மூவரும் ஆண்டுதோறும் மாநில எல்லையைக் கடந்தே இங்கு வருகின்றனர். மண்டபத்தில் சுவாதித் திருநாள் மகாராஜாவின் கீர்த்தனங்கள், முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி என்று வகுத்த முறை வழுவாமல் பாடப்படுகின்றன. அதே மாலைகளில் நம் வீடுகளில் கொலு. கொலுவிற்கு வந்த ஆச்சிமாரும் மாமிமாரும் தத்தமக்குத் தெரிந்த பாட்டொன்றைப் பாடிச் சுண்டல் வாங்கிச் செல்வர்.

இவ்விரண்டு இசையுள் மண்டபத்து இசைக்கு ஆதரவாளர் பலர். அக்கீர்த்தனங்களை வேறு வித்துவான்கள் பாடிய பதிவுகளும் கடையில் விலைக்குக் கிடைக்கும். வீட்டு இசைக்கோ அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும் கேசட்டுகளைத் தவிர வேறு புகலில்லை. தாலாட்டு, நலுங்கு, ஊஞ்சற்பாட்டு, நாஞ்சில் நாட்டுக் கோயிற் கொடையில் விடியவிடிய நடந்த வில்லுப்பாட்டு, வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன மகன் கடிதத்திற்குப் பதிலாகப் பேசி அனுப்பிய செய்தி, இவையெல்லாம் அப்பெட்டிகளுக்குள் இருக்கின்றன. சில வீடுகளில் நம் ஊரிலேயே வாழ்ந்து 1950-இல் மறைந்த இலட்சுமணபிள்ளையவர்களின் தமிழ்க் கீர்த்தனங்களை, அவர் மரபில் கற்றோர் பாடிய பதிவும் இருத்தல் கூடும். நம் குழந்தைகள் மலையாளமும் ஆங்கிலமும் எழுதப்படிக்கக் கற்கின்றனர். அவர்களுட் பலருக்குத் தமிழ் செவிவழிச் செல்வமாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. அச்செல்வத்தின் ஒரு பகுதி இந்த நாடாக்களில் உள்ளது.

இவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று பல இல்லத்தார் முனைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. முனைந்தவர்கள் முதலில் தடுமாறுமிடம் ஒன்றே. எம்பி3, வேவ், ஃபிளாக், அலாக் என்று கணினி நீட்டும் பெயர்ப்பட்டியலில் எதனைத் தேர்வது? நமது முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மூலப்படியாக என்றும் வைத்திருக்க ஃபிளாக், கைபேசியில் எடுத்துச் செல்ல எதுவாயினும் சரி. காரணங்களைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

கேசட்டு என்னும் சிறுபெட்டியை ஃபிலிப்ஸ் நிறுவனத்தார் 1963-இல் வெளியிட்டனர். உள்ளே ஓடுவது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் பசையிற் குழைத்துப் பூசிய காந்தத் தூள். அத்தூளே பாட்டு. நம் ஊர் ஈரக்காற்றிற்கும் இரண்டு மழைக்காலங்களுக்கும் அது இத்தனை ஆண்டுகள் ஈடுகொடுத்ததே பெரிது. பூஞ்சணம் படிகிறது, நாடாவை முகப்பில் அழுத்தும் சிறு பஞ்சுப்பட்டை உதிர்ந்துவிடுகிறது, சில நாடாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நாடாவின் கதை இவ்வாறிருக்க, அதனை ஓட்டும் பொறியின் கதை இன்னும் மோசம். ஒரு காலத்தில் விற்ற உயர்தர டெக்குகளைச் செய்வார் இன்றில்லை. பழையவற்றிற் பெல்ட்டு இளகிப் போயிருக்கும். இன்று புதிதாய்க் கிடைப்பவை பெரும்பாலும் எளிய பொறிகளே. ஆகவே, நல்ல பொறியொன்று கைக்கு வந்து, நாடாவும் அறாமல் ஓடி, ஒரு முறை ஒலி கணினிக்குள் புகுந்துவிட்டால், அதுவே கடைசி முறையாகவும் இருக்கலாம். அந்த ஒரு முறையிற் பிடித்ததை முழுமையாக வைத்திருக்கிறோமா, கிள்ளிக் குறைத்து வைத்திருக்கிறோமா என்பதே வடிவத் தேர்வின் சாரம்.

ஒலி கணினிக்குள் எண்களாகவே புகுகிறது. 1982-இல் கடைக்கு வந்த குறுந்தட்டின் முறைப்படி, வினாடிக்கு 44,100 தடவை ஒலியலையின் உயரம் அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவையும் 16 பிட் நீளமுள்ள எண்; இடமும் வலமுமாக இரண்டு வரிசை. பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 14,11,200 பிட்டுகள். ஒரு மணி நேரப் பாட்டுக்கு 635 மெகாபைட்டு. இதனைச் சற்றும் சுருக்காமல் அப்படியே அடுக்கிவைப்பது வேவ் என்னும் வடிவம். மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991-இல் வகுத்தவை அவ்விதிகள்.

எம்பி3 வேறு வழியிற் செல்கிறது. மனிதச் செவிக்கு எட்டாது என்று அது கருதும் பகுதிகளை எடுத்தெறிந்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் எழுதிக்கொள்கிறது. வினாடிக்கு 128 கிலோபிட்டு என்ற பழைய வழக்கப்படி செய்தால், மேற்சொன்ன 635 மெகாபைட்டு ஏறத்தாழ 58 ஆகச் சுருங்கும். பதினொன்றில் ஒரு பங்கு. வன்தட்டு விலை மிக்கிருந்த நாளில் இது பெரிய வரப்பிரசாதமாக விளங்கிற்று. அதனை நாம் இகழவில்லை. வினாடிக்கு 256 அல்லது 320 கிலோபிட்டு அளவில் நன்கு செய்த எம்பி3-யையும் மூலத்தையும் மாற்றி மாற்றி ஒலித்தால், நம்மிற் பெரும்பாலோர் எது எதுவென்று கூறமாட்டோம். கூறுவோம் என்று அடித்துப் பேசும் அன்பர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு முறை சோதித்துப் பார்ப்பது நலம்.

ஆயினும் நம் பெட்டிகளில் உள்ளவை அத்தகைய சோதனைக்குரிய கலையரங்கப் பதிவுகள் அல்லவே. வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லில் தொங்கும் மணிகளும், வீசுகோல் நாணில் விழும் அடியும், குடத்தின் அதிர்வும், உடுக்கையும், தாளமும் கூர்மையாக, சட்டென எழும் ஒலிகள். எம்பி3 ஒலியை மிகச் சிறு துண்டுகளாக்கிக் கணக்கிடுகிறது. ஒரு துண்டு வினாடியின் நாற்பதில் ஒரு பங்கு அளவினதென்று ஏறத்தாழக் கூறலாம். எடுத்தெறிந்ததனால் நேரும் பிழை அத்துண்டு முழுவதும் பரவுகிறது. அடி விழுமுன் அமைதியாக இருக்க வேண்டிய நொடியில் மெல்லிய இரைச்சல் முந்திக்கொண்டு தோன்றும். இதனைத் தணிக்க எம்பி3-யிலேயே உபாயம் உண்டெனினும், 128-இல், அதுவும் ஏற்கெனவே நாடா இரைச்சல் நிறைந்த பதிவில், மணியோசை மணலைச் சலிப்பது போலாகிவிடுகிறது. பக்கவாத்தியமாக மிருதங்கம் உள்ள பழைய வீட்டுக் கச்சேரிகளிலும் இதே குறையைக் கேட்கலாம்.

இதைவிடப் பெரிய குறை காலப்போக்கிலேதான் வெளிப்படும். இன்றைய எம்பி3-யை நாளை வேறொரு வடிவுக்கு மாற்ற நேர்ந்தால், குறைத்ததிலிருந்து மீண்டும் குறைக்கப்படும். மகன் ஒரு முறை, பேரன் ஒரு முறை என மாற்றினால், மூன்றாம் தலைமுறைக்குப் போய்ச் சேர்வது எதன் நிழல்? அரிசியை மாவாக்கிய பின் மீண்டும் அரிசியாக்க வகையில்லை. எம்பி3 கோப்பை ஃபிளாக்காக மாற்றிவிட்டால் தரம் உயர்ந்துவிடும் என்று எண்ணுவாரும் உளர். எறிந்தது எறிந்ததே, கோப்பு பருக்கும், பாட்டு பருக்காது.

இனி, ஒன்றையும் எறியாமல் சுருக்குவது எங்ஙனம் என்று வினவலாம். சாலைக் கடைத்தெருவில் பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஒரே சரக்கு பத்து வரிக்குத் தொடர்ந்து வந்தால் கணக்கப்பிள்ளை பத்து முறையும் முழுப்பெயர் எழுதுவதில்லை. 'மேற்படி' என்று எழுதிச் செல்கிறார். படிப்பவர் ஒரு சொல்லையும் இழப்பதில்லை. சீரகத்தின் விலை நாள்தோறும் 300, 302, 301, 303 என்று போகிறதென்று வைத்துக்கொள்வோம். முதல் விலையை முழுமையாக எழுதி, பின்னர்க் கூட 2, குறைய 1, கூட 2 என்று வேறுபாட்டை மட்டும் குறித்தாலும், எந்த நாளின் விலையையும் காசு பிசகாமல் மீட்டுவிடலாம். ஃபிளாக் செய்வது இந்த வேலையையே. முன் சென்ற சில அளவைகளைக் கொண்டு அடுத்தது இன்னதாக இருக்கும் என்று ஊகித்து, ஊகத்திற்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதுகிறது. ஊகம் நல்லதாயின் வேறுபாடு சிறிது. சிறிய எண்ணுக்குச் சிறிய இடம் போதும். இவ்வகை ஊகக் கணிதத்தைப் பேச்சொலிக்குப் பயன்படுத்தி வளர்த்தவர்களுள் ஒருவர் கான்பூரிற் பிறந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பயின்று, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திற் பணியாற்றிய பிஷ்ணு அடல் என்பார். வேறுபாடுகளைச் சுருக்கெழுத்தாக்கும் முறையோ ராபர்ட் ரைஸ் என்னும் அமெரிக்கர் பெயரால் வழங்குகிறது. அரிசி மண்டிக்காரர்கள் இப்பெயரை எளிதில் நினைவு வைத்துக்கொள்வர்.

இவ்வாறு சுருக்கிய கச்சேரிப் பதிவு, பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு அளவில் பெரும்பாலும் அடங்கிவிடும். விரிக்கும்போது ஒரு பிட்டும் மாறாமல் மூல எண்கள் வெளிவரும். நிரலில் 0 முதல் 8 வரை சுருக்கப் படிகள் காணப்படுவதால், எட்டாம் படி ஒலியைக் கெடுத்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் வேண்டா. படி உயர்ந்தால் கணினி கூடுதலாகச் சிந்திக்கிறது, கோப்பு சிறிது மெலிகிறது. ஒலி எல்லாப் படியிலும் ஒன்றே.

இழப்பில்லாச் சுருக்கம் ஃபிளாக்கிற்கு மட்டும் உரியதன்று. 1990களின் ஷார்ட்டன், அதன்பின் வந்த வேவ்பேக், மங்கீஸ் ஆடியோ எனப் பல உண்டு. அவற்றுட் சில ஃபிளாக்கைவிடச் சற்று இறுக்கமாகவும் கட்டும். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இடம் மிச்சப்படுவதற்காக, நாளை திறப்பாரற்றுப் போகக்கூடிய வடிவை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஷார்ட்டன் கோப்புகளை இன்று ஒலிக்கவைக்கப் படும்பாட்டை, பழைய கச்சேரிகளை வட்டுக்களிற் பரிமாறிக்கொண்ட இரசிகர்கள் அறிவர்.

ஆழ்ந்து நோக்கவேண்டியவை மூன்றே: வேவ், ஆப்பிளின் அலாக், ஃபிளாக்.

வேவ் மிக எளிது. எளிமையே அதன் வலிமை. உலகின் ஒலிக் காப்பகங்களுக்கெல்லாம் பொதுவான அனைத்துலகச் சங்கம், தன் வழிகாட்டு நூலில், விவரக்குறிப்புச் சேர்க்கப்பட்ட வேவ் வகையையே காப்பகங்களுக்கு விதித்திருக்கிறது. அவர்களுக்கு அது பொருந்தும். கோப்பு பழுதுபட்டதா என்று நாள்தோறும் சோதிக்க அவர்களிடம் ஆளும் கருவியும் உண்டு. நம் இல்லத்தில் அக்காவலர் யார்? வேவ் கோப்பில் ஒரு மூலை அழிந்தாலும் அது தானாகச் சொல்லாது. பாடியவர் பெயரையும் இராகத்தையும் தமிழில் எழுதிவைத்தால், ஒரு செயலி காட்டும், மற்றொன்று கட்டங்கட்டமாக உளறும். வழக்கமான வேவ் 4 கிகாபைட்டுக்கு மேல் வளரவும் மாட்டாது. விடியவிடிய நடந்த வில்லுப்பாட்டை உயர்தரத்தில் ஒரே கோப்பாகப் பதிய நினைப்பவர் இச்சுவரில் முட்டிக்கொள்வர்.

ஃபிளாக்கில் இம்மூன்று குறையும் இல்லை. தலைப்பகுதியிலேயே மூல ஒலியின் 128 பிட் முத்திரையொன்று பொறிக்கப்பட்டிருக்கும். பத்தாண்டு கழித்துச் சோதனைக் கட்டளையிட்டால், நிரல் முழுக்கோப்பையும் விரித்து அந்த முத்திரையோடு ஒப்பிட்டு, குறையின்றி இருக்கிறது அல்லது கெட்டுவிட்டது என்று உண்மை சொல்லிவிடும். குறிப்புகளை யூனிகோடுத் தமிழில் வேண்டுமட்டும் எழுதலாம். இதனை ஆக்கியவர் ஜாஷ் கோல்சன்; முதற் பதிப்பு 2001 ஜூலையில் வெளிவந்தது; 2003 முதல் சைஃப் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பின் காப்பில் வளர்ந்தது. யாருக்கும் உரிமைத்தொகை தரவேண்டுவதில்லை. 2024 டிசம்பரில் இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் குழுவினர் இதன் அமைப்பு முழுவதையும் 9639 என்ற எண்ணிட்ட ஆவணமாக வெளியிட்டனர். இது சிறிய செய்தியன்று. நிறுவனங்கள் மறைந்தாலும், அந்த ஆவணத்தைப் படித்து எதிர்காலத்து மாணவன் ஒருவன் புதிதாக ஒரு திறவுகோலைச் செய்துகொள்ள இயலும்.

அலாக் 2004-இல் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்டது. 2011-இல் அதனையும் யாவர்க்கும் பொதுவாக்கிவிட்டனர். தரத்தில் குறைவில்லை, ஃபிளாக்கிற்குள்ள முத்திரை மட்டும் இல்லை. ஐபோன் 2017-இன் பதினொன்றாம் பதிப்பு முதல் ஃபிளாக் கோப்பைத் திறந்து ஒலிக்கிறது. எனினும் ஆப்பிளின் இசைச்செயலி தன் நூலகத்தில் அதனைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகளும், விண்டோஸ் பத்தாம் பதிப்பு முதலான கணினிகளும் ஃபிளாக்கைத் தாமே ஒலிக்கும். வெளிநாட்டிலிருக்கும் மகள் ஐபோன் வைத்திருந்தால் அவளுக்கு அலாக் படியொன்றை அனுப்புங்கள். ஃபிளாக்கிலிருந்து அலாக், அலாக்கிலிருந்து ஃபிளாக் என்று எத்தனை முறை மாற்றினாலும், பிட் அளவை குறைக்காதவரை, ஒலியில் ஓர் எண்ணும் மாறாது. இழப்பில்லா வடிவங்களுள் எதைத் தேர்ந்தாலும் பின்னர் மனம் மாறலாம். அந்தச் சுதந்திரத்திற்காகவே இவ்வளவு இடத்தைச் செலவிடுகிறோம்.

இடம் என்றதும் சிக்கனம் பேசுவோருக்கு ஒரு கணக்கு. கேசட்டைப் பதிய வினாடிக்கு 48,000 அளவை, 24 பிட் என்பது தகுதியானது. மேற்சொன்ன அனைத்துலகச் சங்கம் கூறும் குறைந்த அளவும் அதுவே. 96,000 அவர்களின் உயர்ந்த பரிந்துரை. வீட்டுக் கேசட்டுக்கு அது மிகையென்பது நமது கருத்து. 24 பிட் ஏனெனில், பதியும்போது ஒலிமட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம். ஆச்சி திடீரென உச்சஸ்தாயியில் எடுத்தாலும் அலை முகடு வெட்டுப்படாது. இம்முறையில் ஒரு மணி நேரம் சுருக்காமலேயே 1 கிகாபைட்டை ஒட்டி நிற்கும். நூறு கேசட்டுகளுக்கு நூறு கிகாபைட்டு சொச்சம். ஃபிளாக் அதனையும் குறைக்கும். ஆனால் நாடாவின் இரைச்சலை ஊகிக்க எந்தக் கணிதத்தாலும் இயலாதாகையால், குறுந்தட்டிற் காணும் அளவு சுருக்கத்தை எதிர்பார்க்கலாகாது. ஒரு டெராபைட்டு வன்தட்டில் இத்தகைய அலமாரிகள் பல அடங்கிவிடும்.

இரைச்சல் என்றோமல்லவா? அதுபற்றியே நாம் மிகவும் வலியுறுத்த விரும்புகிறோம். கணினியில் ஆர்வமுள்ள பிள்ளைகள் பதிந்த கையோடு இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்திவிடுகின்றனர். கேட்பதற்குத் தூய்மையாகத் தோன்றும். தம்புராவின் கார்வையும் சொல்லின் மூச்சும் அத்துடன் போயிருக்கும். தூய்மை செய்வது படியில் இருக்கட்டும். மூலப்படி, நாடாவிலிருந்து வந்த கோலத்திலேயே, குறையோடும் கறையோடும் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு சான்று. மின்கலம் தளர்ந்த ரிக்கார்டரிற் பதிந்த நாடாவையோ, பெல்ட்டு நெகிழ்ந்த பொறியிற் பதிந்ததையோ நல்ல பொறியில் ஓட்டினால் வேகம் கூடிவிடும். நூற்றுக்கு ஆறு பங்கு கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டையிற் பாடிய பாட்டி ஐந்தரையிற் பாடியதாகக் கேட்கும். குரல் இளையதாகும், காலப்பிரமாணமும் விரையும். பிறந்தது முதல் அக்குரலைக் கேட்டவர்கள், இது எங்கள் அம்மையின் குரல் போலில்லையே என்பர்; ஏனென்று சொல்லத் தெரியாது. சரியான வேகத்தைக் கண்டறிவது எப்படி? கலியாணப் பந்தலில் ஒலிபெருக்கியோடு சேர்த்துப் பதிந்த நாடாவாயின், பாட்டின் அடியில் மின்சார இரீங்காரமொன்று ஓயாது கேட்கும். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் வினாடிக்கு 50. கணினியில் அந்த இரீங்காரத்தை அளந்து, 53 என்று வந்தால், நாடா நூற்றுக்கு ஆறு பங்கு விரைந்து ஓடுகிறதென்று துணியலாம். அவ்வளவுக்குத் தாழ்த்தினால் பாட்டி தம் சுருதிக்கு மீள்வார். இரீங்காரத்தைக் குப்பையென்று முன்பே துடைத்தெறிந்த வீட்டில் இந்தச் சாட்சி இல்லை. இரீங்காரமே இல்லாத பதிவுகளுக்கு, குரலை அறிந்த மூத்தவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு வேகத்தை மெல்ல மாற்றிப் பார்ப்பதே வழி. அவர் நம்மோடிருக்கும் காலத்தில் அதனைச் செய்துகொள்ள வேண்டும்.

குறிப்பெழுதுவதில் இன்னும் சிறிது கவனம் வேண்டும். பாடியவர் என்ற இடத்தில் 'பாட்டி' என்று எழுதிவிடுகின்றனர். முப்பதாண்டு கழித்து அக்கோப்பைத் திறக்கும் பிள்ளைக்கு, யாருடைய பாட்டி? இயற்பெயர், பிறந்த ஊர், பதிந்த ஆண்டு, பதிந்த வீடு, உடன் பாடியவர், பின்னால் அழும் குழந்தை யார் என்பது வரை எழுதலாம். ஃபிளாக்கில் இடத்திற்குப் பஞ்சமில்லை. பாட்டின் சொற்களையும் முழுமையாக எழுதி உடன் சேர்த்தல் நன்று. நம் ஊர்த் தமிழில் மலையாளச் சொல்லும் நாஞ்சில் வழக்கும் கலந்திருக்கும். அவற்றைத் திருத்தி எழுத வேண்டா, பாடியபடியே எழுதுக. தமிழ் எழுத்தறியாத பேரக்குழந்தைகளுக்காக மலையாள எழுத்திலும் ஒரு முறை எழுதிவைக்கும் இல்லத்தாரை நாம் பாராட்டுகிறோம்.

1930களில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற நிறுவனம் ஓடியன் இசைத்தட்டுக்களை வெளியிட்டு வந்தது. பின்னாளில் ஏ.வி.எம். படநிலையத்தைக் கண்ட மெய்யப்பச் செட்டியார் அதன் பங்குதாரருள் ஒருவர். ஓடியன் முத்திரையிட்ட பழந்தட்டுக்களை எண்மமாக்கிக் காக்க இந்த நூற்றாண்டில் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டமொன்று துணைபுரிந்தபோது, தட்டுக்கள் வந்துசேர்ந்தது தனிமனிதச் சேகரிப்பாளர்களின் வீட்டலமாரிகளிலிருந்தே. கடையில் விற்ற பாட்டுக்கே கதி அதுவாயின், ஒரே ஒரு நாடாவில் இருக்கும் பாட்டுக்கு நம் அலமாரியைவிட்டால் வேறு இடமில்லை.

ஆதலால் வன்தட்டு ஒன்றோடு நின்றுவிடலாகாது. வன்தட்டும் ஒரு நாள் நிற்கும் பொறியே. இரண்டாம் வன்தட்டொன்றில் படியெடுத்து, நாகர்கோவிலிலோ சென்னையிலோ துபாயிலோ இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்துவையுங்கள். பென்டிரைவை இதற்கு நம்ப வேண்டா. ஆண்டிற்கொரு முறை, ஆயுத பூசைக்குக் கருவிகளைத் துடைக்கும்போதே, கோப்புகளையும் முத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்துவிடலாம். ஒன்று கெட்டிருந்தால் மற்றதிலிருந்து மீட்கலாம். நாடாவையும் எறிந்துவிடாதீர்கள்.

வேலையைத் தொடங்கும் ஒழுங்கு பற்றி ஒரு சொல். செம்மங்குடியவர்களின் கச்சேரி என்று மேலெழுதிய கேசட்டையே எல்லாரும் முதலில் எடுக்கின்றனர். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல்வராக இந்நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அப்பெரியாரின் பாட்டு வேறு நூறு இடங்களிலும் இருக்கும். விலைக்கு வாங்கிய கேசட்டுகள் இறுதியில் வரட்டும். மேலே பெயர் எழுதாத, அல்லது பென்சிலால் ஒரு பெண்பெயர் மட்டும் எழுதிய கேசட்டுகளை முதலில் எடுங்கள். பூஞ்சணம் கண்டவற்றைப் பொறியில் இடாமல் தனியே வைத்து, பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒன்றிலுள்ள பூஞ்சணம் பொறி வழியே மற்றவற்றிற்கும் பரவும். நாடா முகப்பின் அருகிலுள்ள சிறு திருகாணியைத் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகும் நிலையில் நிறுத்திய பின் பதியச் சொல்லுங்கள். இதனைச் செய்யாமற் பதிந்தால், எந்த வடிவிற் சேமித்தும், மேல்நாதம் மங்கியே இருக்கும்.

78 சுழற்சி இசைத்தட்டுக்களையும் ஸ்பூல் நாடாக்களையும் வைத்திருக்கும் நேயர்கள் பொறுத்தருள வேண்டும். ஊசி, வேகம், கழுவும் முறை என்று அவற்றிற்குத் தனி விதிகள் உண்டாதலின், அவற்றை அடுத்த திங்கள் இதழில் எழுதுவோம்.